வாக்குச்சீட்டு குழப்பினால் யாரைக் கேட்பது?

வணக்கம் மக்களே. திரையில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2000 அதிபர் தேர்தலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பாம் பீச் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கொடுத்த வாக்குச்சீட்டு இது. இடப்பக்கம் முதல் பெயர் புஷ், அடுத்தது அல் கோர். வலப்பக்கம் மேலே இன்னொரு வேட்பாளர் பேட் புக்கனன். பெயருக்கு உரிய துளையைக் குத்துவதுதான் ஓட்டு. ஆனால் துளை வரிசை மட்டும் நடுவில் ஒன்றே ஒன்று, இரு பக்கப் பெயர்களுக்கும் மாறி மாறி. கோர் இரண்டாவதாகத்தானே இருக்கிறார் என்று இரண்டாவது துளையைக் குத்தினால் ஓட்டு புக்கனனுக்குப் போய்விடும்! கோருக்கு உரியது மூன்றாவது.

அடடா என்று சுதாரித்து மூன்றாவதையும் குத்தினால் சீட்டே செல்லாது. இப்படி ஒன்றுக்கு மேல் குத்திச் செல்லாமல் போனவை அந்தக் கவுண்டியில் மட்டும் 19,000-க்கும் மேல். புக்கனனுக்கு விழுந்தவை 3,407. அதில் பெரும்பகுதி தனக்கு உரியதல்ல என்று அவரே டிவியில் ஒப்புக்கொண்டார். ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில்.

இதற்கு யார் பொறுப்பு? வடிவமைத்தவர் கவுண்டித் தேர்தல் அதிகாரி தெரசா லெபோர். அவர் அப்போது கோரின் கட்சிக்காரர், அதனால் சதி என்ற பேச்சு எடுபடாது. வேட்பாளர்கள் பத்துப் பேர்; ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து சிறுத்துவிடும், வயதானவர்கள் சிரமப்படுவார்கள் என்று இரண்டு பக்கமாகப் பிரித்தார். மாதிரிச் சீட்டைக் கட்சிகளும் முன்கூட்டியே பார்த்தன, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று சொல்லிவிட்டது. 2004-இல் அதே பதவிக்கான தேர்தலில் லெபோர் தோற்றார். அதோடு கதை முடிந்தது.

அவரைக்கூட மன்னித்துவிடலாம். 2018-ஐத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதே ஃபுளோரிடா, பக்கத்துக் கவுண்டி ப்ரோவர்ட். செனட் (நாடாளுமன்ற மேலவை) போட்டியை இடது ஓரத்தில், நீளமான வழிமுறைக் குறிப்புக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அந்தக் குறிப்பை எல்லாம் யார் படிக்கிறார்கள்? கண் நேராக அடுத்த பத்திக்குத் தாவிவிடும். ஆளுநர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களைவிட செனட்டுக்குப் போட்டவர்கள் அங்கே 20,000-க்கும் மேல் குறைவு. மாநிலம் முழுக்க செனட் போட்டியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசமே 10,033 ஓட்டு. முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சீட்டை எப்படி அமைக்க வேண்டும் என்ற மத்தியத் தேர்தல் உதவி ஆணையத்தின் வழிகாட்டி 2007-லேயே வந்துவிட்டது. 2000-இல் நடந்தது தெரியாமல் செய்தது, இது அசட்டை.

அச்சுக்குப் போகும் முன் வயதானவர்கள் உட்பட பத்துப் பேரை உட்கார வைத்து ஓட்டுப் போடச் சொல்லுங்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஒப்புதல் தந்தவர் பெயரை வெளியிடுங்கள், கட்சிப் பிரதிநிதிகள் பெயரோடு சேர்த்து. ப்ரோவர்ட் சீட்டையும் இப்போது போடுகிறேன். செனட் எத்தனை நொடியில் கண்ணில் பட்டது என்று சொல்லுங்கள்.