போத்து

வணக்கம் நேயர்களே.

இந்த உரைக்கு என்னை அழைத்த தயாரிப்பாளர் தொலைபேசியில் சொன்ன தலைப்பு, "காலம் மாறியும் நிலைத்து நிற்பவை". சொன்ன கையோடு, "டீச்சர், பூமலையில் இருக்கிற தெம்புசு மரத்திலிருந்து தொடங்கலாமே" என்று யோசனையும் கொடுத்தார். சிங்கப்பூர் ஐந்து வெள்ளி நோட்டைத் திருப்பினால் பின்பக்கம் இருக்குமே, அந்த மரம்தான். ஒரு கிளை மட்டும் தரையை ஒட்டி நீண்டிருக்கும். பூமலை, அதாவது நம் தாவரவியல் தோட்டம், 1859இல் அமைவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறது. கட்டையும் இரும்பு மாதிரி. இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

ஆனால் எனக்கு வாய் வரவில்லை. 2017 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், அதே பூமலையில் 270 வயதைத் தாண்டிய இன்னொரு தெம்புசு வேரோடு சாய்ந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்திருந்த நேரம். ஒரு பெண் உயிரிழந்தார். அதற்குப் பிறகு எந்த மரத்தைப் பற்றியும் "அசையாமல் நிற்கிறது" என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

தெம்புசு வேண்டாம், முருங்கையைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி டீச்சர்" என்றார்.

அவர் தயங்கியதில் தப்பில்லை. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று பழமொழியே இருக்கிறது. ஒரு சின்னப் பையன் தொங்கினாலும் முறிந்துவிடும் கிளை. காற்றடித்தால் முதலில் விழுவது அதுதான். கம்பளிப்பூச்சி வேறு. ஆனால் முறிந்து விழுந்த கிளையை எடுத்து மண்ணில் ஊன்றிவிட்டுப் போங்கள், சில வாரத்தில் துளிர்க்கும். அப்படி ஊன்றும் கிளைக்குத் தமிழில் அழகான ஒரு பெயர் உண்டு, போத்து. இளையவர்கள் பலருக்கு இந்தச் சொல் தெரியாது. நான் 30 வருடம் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பாடத்திலும் இது வந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் அப்பாயிக்குத் தெரிந்த விவசாயமே போத்து நடுவதுதான். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவர். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது அப்பாயிக்கு 20 வயதுகூட இருக்காது. இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை, அதுதான் என் அப்பா. அரிசி கிடையாது. கிடைத்தாலும் வாழைமரம் அச்சடித்த அந்த நோட்டுக்கு நாளாக நாளாக மதிப்பும் இல்லை. எல்லோரும் செய்ததைத்தான் அப்பாயியும் செய்தார், கிடைத்த மண்ணில் எல்லாம் மரவள்ளிக் குச்சி ஊன்றினார்.

மரவள்ளிக்கும் விதை வேண்டாம், தண்டை வெட்டி நட்டால் போதும். "கணு மேலே பார்க்கணும். தலைகீழாக நட்டால் அது உன்னைத் திட்டிக்கிட்டேதான் வளரும்" என்பார். கிழங்கு பெருக்க எட்டு, பத்து மாதம் ஆகும். அதுவரை இலையை வேகவைத்துத் தின்றார்களாம். வேகவைத்த தண்ணீரை மறக்காமல் கொட்டிவிட வேண்டும், அதில் நஞ்சு இருக்கிறது. இதையெல்லாம் ஏதோ சமையல் குறிப்பு மாதிரிதான் சொல்வார். குரலில் ஒரு நடுக்கமும் இருக்காது.

நடுக்கம் வந்தது வேறு இடத்தில். 1943இல் தாத்தாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அந்தப் பாதைக்குக் கொண்டுபோனது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். போனவர் திரும்பவில்லை. செத்தார் என்று தகவலும் இல்லை. காகிதம், கூடப்போனவர் வாய்ச்சொல், எதுவுமே இல்லை. தகவல் இல்லை என்றால் தேதி இல்லை, தேதி இல்லாமல் எந்தத் திதியில் சோறு வைப்பது? அப்படிப்பட்டவர்களுக்கு ஆடி அமாவாசை என்று கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கே அப்பாயி பல வருடம் சம்மதிக்கவில்லை. வைத்துவிட்டால் அவர் செத்தது உறுதி ஆகிவிடும் அல்லவா? 1950களின் கடைசியில்தான் முதல் முறையாக இலை போட்டாராம். அந்த இலையில் எல்லாம் இருந்தது, மரவள்ளி மட்டும் இல்லை. அதை அவர் பிறகு வாயில் வைத்ததே இல்லை. ஆனால் வேலியோரம் நாலு குச்சி எப்போதும் நின்றுகொண்டிருக்கும். எதற்கு அப்பாயி, நீங்கள்தான் சாப்பிடுவதில்லையே என்றால், "பசி சொல்லிக்கிட்டா வரும்?" என்பார்.

முருங்கை அந்த வேலிக்குப் பக்கத்தில் இருந்தது. பொத்தோங் பாசிர் கம்பத்து வீடு, கம்பம் என்றால் இங்கே கிராமம். சுற்றிலும் கீரைத் தோட்டங்கள், தாழ்வான நிலம், பக்கத்திலேயே காலாங் ஆறு. நல்ல மழை என்றால் தண்ணீர் வாசல்படி வரை வரும். அதை யாரும் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. 1978 டிசம்பர் 2ஆம் தேதி வந்த மழை வேறு. ஒரே நாளில் 512 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் ஒரு நாளில் பதிவான மழையில் அதுதான் இன்றும் அதிகம். எனக்கு அப்போது 16 வயது. கட்டில் மேல் மேசை, மேசை மேல் அரிசி டின், அதற்கு மேல் என் தம்பி. இடுப்பளவு தண்ணீரில் அப்பா எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறார். அப்பாயி சொல்கிறார், "முருங்கையில ஒரு கிளை வெட்டிட்டு வாடா."

அப்பா திட்டினார். திட்டிக்கொண்டே போய் வெட்டியும் வந்தார்.

முருங்கை வறட்சியைத் தாங்கும், வேரில் நிற்கிற தண்ணீரைத் தாங்காது. வெள்ளம் வடிந்த பிறகு மரம் அழுகிப்போனது. பரண் மேல் கிடந்த போத்து பிழைத்தது. அதை மேடான இடம் பார்த்து நட்டோம். 1980களில் கம்பத்தை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். அப்போது அதிலிருந்து ஒரு கிளையை வெட்டி எங்கள் புளோக்கின் கீழ், குப்பைத்தொட்டி அறைக்குப் பின்னால் ஊன்றினோம். பொது இடத்தில் அப்படி நடக்கூடாதுதான். அதிகாரிகள் பார்த்தார்கள். பார்க்காத மாதிரியும் போனார்கள். காய் காய்த்த பிறகு, பார்த்தும் பார்க்காமலும் போனவர்கள் வீட்டுக்கும் ஒரு கட்டுப் போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். திட்டிக்கொண்டே கிளை வெட்டியவருக்கு வேலையே அதுதான். 1960களின் கடைசியில் நகரம் முழுக்க மரம் நட்ட ஆட்களில் அவரும் ஒருவர், தினக்கூலி. நாட்டுக்கு அவசரம். கன்று வைத்து, அது வளர்ந்து நிழல் தருகிறவரை காத்திருக்க நேரமில்லை. அதற்கு வாகாகக் கிடைத்தது அங்சானா. ஆள் உயரத்தைத் தாண்டிய தடித்த கிளையை வெட்டி லாரியில் கொண்டுவந்து குழியில் இறக்கினால் வேர் பிடித்துவிடும். அதுவும் போத்துதான்! அங்சானா நம் ஊர் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே மஞ்சள் பூ, ஒரு நாள்தான் இருக்கும், மறுநாள் சாலையெல்லாம் கொட்டிக் கிடக்கும். வேங்கைப் பூவைப் பார்த்துப் புலி என்று பயந்ததாகப் பாடிய மொழி நம்முடையது. எங்கள் அப்பாவுக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது. பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகக் கைநீட்டி, "இது நான் இறக்கினது" என்பார். இரண்டு நிறுத்தம் தள்ளி மறுபடியும், "இதுவும்."

1980களில் அவர் இறக்கினதில் சில சாகத் தொடங்கின. பூஞ்சை நோய். மின்னல் தாக்கிப் பலவீனமான மரத்தில் பிடித்துக்கொண்டு, கட்டையைத் துளைக்கும் வண்டுகள் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். சில நாளில் இலை வாடி, மரம் நின்றபடியே காய்ந்துவிடும். போத்து முறையில் இதுதான் ஆபத்து. ஒரு தாய் மரத்திலிருந்து வெட்டிய கிளைகள் எல்லாம் உள்ளுக்குள் ஒரே மரம்தான், ஒன்றுக்கு ஆகாத நோய் எல்லாவற்றுக்கும் ஆகாது. வரிசையாக நட்டால் வரிசையாகப் போகும். ஆனாலும் எல்லா அங்சானாவும் சாகவில்லை. நோயை இயல்பாகவே தாங்கும் மரங்களும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடம் அதைச் சொன்னபோது ஆராய்ச்சியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "எந்த ரோட்டு மரம்?" என்றுதான் கேட்டார்.

சரி, தலைப்பில் "காலம்" என்றும் ஒரு சொல் இருக்கிறது. இங்கே என்ன காலம், எல்லா நாளும் வெயில்தானே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிசம்பர் மழை, பிப்ரவரி வறட்சி, விடிவதற்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து வந்து ஜன்னலை அறையும் புயல்காற்று, சில வருடம் புகைமூட்டம். இதையெல்லாம் நம்மைவிடக் கவனமாகக் கணக்கு வைத்திருப்பது ஒரு செடி. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும், புறா ஆர்க்கிட் என்பார்கள். வருடம் முழுக்கக் காய்ந்த குச்சி மாதிரிதான் இருக்கும். மொட்டு உள்ளே தயாராகி, பாதியில் நின்றுவிடும். திடீரென்று கனமழை கொட்டி வெப்பம் சட்டென்று இறங்கினால்தான் அந்த மொட்டு மறுபடி வளரும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே காலையில் பூக்கும், வெள்ளை வெள்ளையாக, வாசனையோடு. மாலைக்குள் வாடிவிடும். தேனீக்கள் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகவேண்டும் என்றால் எல்லாம் ஒரே நாளில் பூத்தால்தான் முடியும். பெரிய மழை பெய்தால் என் மாணவர்களை நாட்காட்டியில் வட்டம் போடச் சொல்வேன். ஒன்பது எண்ணத் தெரியாத பிள்ளைகூட அந்த வாரம் எண்ணிவிடும்.

நீர்நாயைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். 1970களில் இங்கே காணாமல் போனது, 1998இல் சுங்கை பூலோவில் திரும்பக் குடியேறியது. இப்போது எங்கள் காலாங் ஆற்றில் குடும்பத்தோடு நீந்துகிறது. நாற்றம் தாங்காமல் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த ஆறுதான். சுத்தம் செய்யும் வேலையை 1977இல் தொடங்கிப் பத்து வருடத்தில் முடித்தார்கள். நீர்நாயைப் படம் எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

எனக்குப் புல்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2020 ஏப்ரல், மே மாதங்கள். யாரும் வெளியே போகாத அந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு விடியற்காலைக் காற்றில் எங்கள் முருங்கை அடியோடு முறிந்தது. நான்காவது மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை மட்டும் நிற்கிறது. போத்து எடுத்து வைக்கலாம் என்று நினைத்து இறங்குவதற்குள், முகக்கவசம் எங்கே, இப்போது இறங்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள், கிளைகளை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாயியாக இருந்தால் யோசித்திருக்க மாட்டார்.

அப்புறம் புல் வளர்ந்தது. வெட்டுகிற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எல்லாம் தங்குவிடுதியில் அடைந்துகிடந்தார்கள். தீவு முழுக்க ஓரங்கள் காடு மாதிரி ஆயின. வெட்டுக்காயப் பூண்டு மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாகத் தலை தூக்கியது. தொட்டாற்சுருங்கி பூத்தது. வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. இத்தனை வருடமும் அந்தப் பூண்டுகள் எங்கும் போயிருக்கவில்லை. மாதாமாதம் கத்திக்குக் கீழே குனிந்துகொண்டு அங்கேயேதான் இருந்திருக்கின்றன. நிறையப் பேர் அழகு என்று படம் எடுத்துப் போட்டார்கள். நானும் ரசித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பூ ஏன் பூத்திருக்கிறது, வெட்டவேண்டியவர் எந்த அறையில் எத்தனை பேரோடு படுத்திருக்கிறார் என்று நினைத்தால் ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவேன்.

ஆகஸ்டு வாக்கில் ஒரு நாள் மிஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முகத்தில் கண்ணாடித் தகடு போட்ட ஒரு தம்பி, குப்பைத்தொட்டி அறைப் பக்கம் வெட்டிக்கொண்டு வருகிறார். முருங்கைக் கட்டை புல்லுக்குள் மூழ்கிக் கிடந்தது. கத்தலாமா என்று நான் வாய் திறப்பதற்குள் மிஷினை நிறுத்தினார். குனிந்து, கட்டையைச் சுற்றியிருந்த புல்லைக் கையால் பிடுங்கினார். நான் இறங்கிப் போனேன்.

கட்டையின் பக்கவாட்டில் நாலைந்து துளிர், விரல் நீளம்.

"முருங்கைதானேம்மா?" என்றார். பேச்சிலேயே ஊர் தெரிந்தது. கேட்டேன், பேராவூரணிப் பக்கமாம். எங்கள் அப்பாயியின் ஊருக்குப் பக்கம். கஜா புயலில் வீட்டுத் தென்னை அத்தனையும் போய்விட்டது, கடனை அடைக்கத்தான் 2019இல் இங்கே வந்தேன் என்றார். விடுதியில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார், எண்ணிக்கை சொல்லவில்லை. கீரை வேண்டுமென்றால் பறித்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பப் பறிச்சா தாங்காதும்மா. அடுத்த மாசம் வர்றேன்" என்றார். முகத்தகட்டை இறக்கிவிட்டு மிஷினை மறுபடி இயக்கினார்.

அடுத்த மாதம் புல் வெட்ட வேறொருவர் வந்தார். வங்காளதேசத்துக்காரர், தமிழ் தெரியாது. ஒரு கட்டுக் கீரை ஒடித்து அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "சஜ்னா" என்றார்.

நன்றி, வணக்கம்.