நியூட்ரானுக்கு ஒரு பேட்ஜ்: உள்ளே என்ன இருக்கிறது?

[திரையில்: கேப் டவுனுக்கு வடக்கே, கடலோரத்தில் கூபெர்க் அணுமின் நிலையம்]

வணக்கம். கூபெர்க்கிலோ, பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் 1965இல் இயங்கத் தொடங்கிய சஃபாரி-1 உலையிலோ உங்கள் சொந்தக்காரர் யாராவது வேலை பார்த்தால், உள்ளே போகும்போது மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜைப் பற்றிச் சொல்லியிருப்பார். உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளப்பது அதுதான்.

காமா கதிரை அளப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நியூட்ரான்தான் வம்பு. அதற்கு மின்னூட்டமே கிடையாது, நேரடியாகத் தடயம் விடாது. ஆனால் உடலுக்குச் செய்யும் கெடுதல் அதிகம். ஏறக்குறைய 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், அதே அளவு காமாவைவிடச் சுமார் 20 மடங்காகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே எதன் மேலாவது அதை மோதவிட்டு, தெறிக்கும் துகளைப் பிடிக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு சின்னச் சில்லுகள்]

மெதுவான நியூட்ரானுக்கு லித்தியம் ஃபுளோரைடு. அதிலுள்ள லித்தியம்-6 என்ற வகை அணு நியூட்ரானை விழுங்கி ஆல்ஃபா துகளையும் டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜனையும் உமிழும். அந்த ஆற்றல் படிகத்தில் தங்கும். சூடாக்கினால் ஒளியாக வெளிவரும். பக்கத்திலேயே லித்தியம்-7 சில்லு ஒன்று. அது காமாவை மட்டுமே கண்டுகொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சில்லின் அளவிலிருந்து இதன் அளவைக் கழித்தால் மிச்சம் நியூட்ரான்.

சரி, வேகமான நியூட்ரான்? அது உடலில் மோதி, வேகம் குறைந்து, திரும்பித் தெறிக்கும். அதைத்தான் லித்தியம் பிடிக்கிறது. பேட்ஜைச் சட்டையில் தொங்கலாக விட்டால் கணக்குக் கெட்டுவிடும். உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

[திரையில்: மூக்குக்கண்ணாடி வில்லை]

எனக்குப் பிடித்தது அடுத்ததுதான்: சி.ஆர்-39. டர்பனில், சாட்ஸ்வர்த்தில் கண்ணாடிக் கடையில் சாதாரண பிளாஸ்டிக் வில்லை கேட்டால் பெரும்பாலும் தருவது இதே பிளாஸ்டிக்தான்! பேட்ஜுக்கு மட்டும் தரம் பார்த்துச் செய்கிறார்கள். வேகமான நியூட்ரான் இதிலுள்ள ஹைட்ரஜனை இடித்தால் ஒரு புரோட்டான் பாயும். போகிற வழியில் பிளாஸ்டிக்கின் பிணைப்புகளை அறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தழும்பு. அப்புறம் சூடான காஸ்டிக் சோடாவில் மணிக்கணக்காக ஊறவைத்தால் தழும்பு குழியாகும். நுண்ணோக்கியில் எண்ணலாம். காமா பட்டால் குழி விழாது. அதுதான் இதன் பெரிய வசதி. மெதுவான நியூட்ரானை இது தனியாகக் காணாது என்பதால், சில பேட்ஜ்களில் லித்தியத்தையும் சேர்த்து வைக்கிறார்கள்.

ஒரு தொல்லை உண்டு. யுரேனியம் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயுவான ரேடானின் ஆல்ஃபா துகளும் இதில் குழி விழவைக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கத் தாதுவில் யுரேனியம் கலந்திருப்பதால் அங்கே சுரங்கங்களில் ரேடான் உண்டு. அதை அளக்கவும் இதே பிளாஸ்டிக் பயன்படும். நியூட்ரானுக்கு வைத்த துண்டையோ, காற்றுப் புகாத உறையில் போட்டு வைக்க வேண்டும்.