ரவிக்கை அல்ல, விளக்கு!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பழைய நடிகையர் ஸ்டில்களின் அழகுக்குக் காரணம் உடையும் ஒப்பனையுமா, ஒளியா?" ஒளிதான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி புஃப் கை ரவிக்கை, வால் இழுத்த கண்மை, சவுரி வைத்த கொண்டை என்று அடுக்கினார். அத்தனையும் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறதே! மணப்பெண்கள் அதே அலங்காரத்தில் படம் எடுக்கிறார்கள். பிறகு ஏன் பத்மினி சாயல் வரவில்லை? ரிங் லைட்டை முகத்துக்கு நேரே வைத்துவிடுகிறார்கள். நிழலே விழுவதில்லை. நிழல் விழாவிட்டால் கன்னம் எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். அன்று அதிகம் பயன்பட்ட அமைப்பு ஒன்று உண்டு. முகத்துக்கு எதிரே, கண்ணுக்கு இரண்டடி மேலே ஒரே மெயின் லைட். மூக்கின் கீழே சின்னதாய் ஒரு நிழல் விழும். அது மேலுதட்டைத் தொட்டால் விளக்கு உயரம் அதிகம் என்று பொருள். கண்குழி இருண்டுபோகும், விழியில் மின்னும் வெள்ளைப் புள்ளியும் போய்விடும். விளக்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இன்றைக்குச் செய்து பார்ப்பவர்கள் மார்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பிடித்தால் கழுத்து நிழல் இளகும்.

அடுத்தது பேக் லைட். பின்னாலிருந்து, தலைக்கு மேலாக, லென்ஸில் படாமல் விழ வேண்டும். இதை விட்டால் கருங்கூந்தல் இருண்ட பின்னணியில் கரைந்துவிடும். எதிரணி மெச்சிய கொண்டையே காணாமல் போகும், நடுவர் அவர்களே!

உதட்டுச் சாயத்தைப் பெரிதாகச் சொன்னார். கறுப்பு வெள்ளையில் ஏதம்மா சிவப்பு? பான்குரோமாட்டிக் பிலிம் சிவப்பையும் பதிவு செய்யும். இழை சூடேறி ஒளிரும் டங்ஸ்டன் விளக்கிலோ சிவப்பு ஒளி அதிகம். இரண்டும் சேர்ந்தால் சிவந்த உதடு வெளிறிப்போகும். அதற்காகத்தான் அடர்ந்த சாயம் பூச வேண்டியிருந்தது. விளக்கு சொன்னது, ஒப்பனை கேட்டது! இன்று மொபைலில் கறுப்பு வெள்ளையாக்கி, உதடு தெரியட்டும் என்று சிவப்பு அளவைக் குறைக்கிறார்கள். தோலிலும் சிவப்பு இருக்கிறது; பருத் தழும்பெல்லாம் கூடவே கறுத்து எழுந்து நிற்கிறது.

சுருக்கமில்லாத முகத்துக்குப் பவுடரா காரணம்? கறுப்பும் வெளுப்பும் தலைகீழாகப் பதியும் பெரிய அளவு நெகட்டிவில், சுருக்கம் ஒளி ஊடுருவும் வெளிர்கோடாகத் தெரியும். கூர்சீவிய பென்சிலால் அதை லேசாக நிரப்பினால், பிரிண்டில் அந்தக் கோடு வெளுத்து மறையும். மேக்கப் அறையில் நடக்காத வேலை அது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலர் என்ற வண்ணப் பிலிமில் வந்தது. வண்ணம் வந்ததும் சேலையின் நிறம் முன்னுக்கு வந்தது. அந்தப் பக்கத்தை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். 1948-இன் கறுப்பு வெள்ளை 'சந்திரலேகா' டி.ஆர்.ராஜகுமாரியைக் கேட்டால் மட்டும் தரமாட்டேன்.

சந்தேகமிருந்தால் எதிரணியில் ஒருவர் புஃப் கை போட்டு, மை தீட்டி, இந்த மேடை டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று ஒரு படம் எடுத்துக் காட்டட்டும். நடுவர் அவர்கள் அதைப் பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்லலாம்.