ஆழத்தை அளந்தவர்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கனடாவின் சமவெளி மாகாணங்களில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே படித்துப் பேர் பெற்றவர்களைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றேன். சஸ்கட்டூன் நகரத்தில் இருக்கும் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்துக்கு நான் ஒரு கடன் பட்டவன். அங்கே நான் படிக்கவில்லை. ஆனால் அங்கே படித்தவர்கள் அளந்து வைத்த கணக்கை நம்பித்தான் முப்பது வருஷம் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர் என்பது என் வேலை. நம் ஊரில் நோயாளிகள் இந்தச் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். எத்தனை கரண்ட், எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் நான்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1905-ல்தான் சஸ்காட்செவன் ஒரு மாகாணமாகவே ஆனது. இரண்டே வருஷத்தில், 1907-ல், அங்கே பல்கலைக்கழகச் சட்டம் வந்துவிட்டது. சரியான சாலை கிடையாது. பல குடியானவர்கள் புல்கட்டி மண்ணை வெட்டி அடுக்கிய குடிசைகளில் குடியிருந்தார்கள். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரைக்கும் போகிற ஊர். அந்த நிலையில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்திருக்கிறது. மதச் சோதனை வைக்கக் கூடாது, ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக வைத்தார்கள். முதல் தலைவர் வால்டர் மரே. வேளாண்மைக் கல்லூரியைத் தனியாக எங்கோ வைக்காமல் மற்றக் கல்லூரிகளோடு ஒரே வளாகத்தில் வைத்தார். சாகுபடி படிக்கிற பையனும் சட்டம் படிக்கிற பையனும் ஒரே பாதையில் நடந்தார்கள். 1909 செப்டம்பரில் எழுபது மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது.

1910-ல் கல்லூரிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே ரயிலில் வந்தார். அன்று காலை ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அவரிடம் பத்திரிகை விற்றுவிட்டுப் பேச்சுக் கொடுத்தானாம். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, 'எனக்கு வேலை இருக்கிறது, இனியும் நின்று பேச முடியாது' என்று பிரதமரிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினானாம். பிற்காலத்தில் தானே பிரதமரான ஜான் டீஃபன்பேக்கர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கதை இது. இருவரும் பேசிக்கொண்டு நிற்கிற சிலை இன்றைக்கும் சஸ்கட்டூன் கடைத்தெருவில் இருக்கிறது.

டீஃபன்பேக்கர் இந்தப் பல்கலைக்கழகத்தில் 1915-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ., 1919-ல் சட்டம் என்று மூன்று பட்டம் வாங்கினார். 1957 முதல் 1963 வரை பிரதமர். 1960-ல் கனடாவின் உரிமைச் சாசனத்தைச் சட்டமாக்கினார். அதே ஆண்டில்தான் பூர்வகுடி மக்கள் தங்கள் சட்ட அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமலேயே மத்தியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பெற்றார்கள். யாருடைய மண்ணில் அந்தப் பல்கலைக்கழகம் நிற்கிறதோ அவர்களுக்கு வாக்குரிமை வர அது திறந்து ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. இதைச் சொல்லாமல் டீஃபன்பேக்கரை மட்டும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அவர் பி.ஏ. வாங்கிய அதே 1915-ல் இன்னொருவரும் பட்டம் வாங்கினார். ஆனி மாட் மக்கே. செல்லமாக 'நேன்' (Nan) என்று கூப்பிடுவார்கள். மேட்டீஸ் இனப் பெண், அதாவது பூர்வகுடியினரும் ஐரோப்பிய வணிகர்களும் கலந்து உருவான மக்களில் ஒருவர். இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மேட்டீஸ் பெண், முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான். பெண்கள் ஹாக்கி அணியில் ஆடினார். 1918-ல் விஷக்காய்ச்சல் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பிறகு 1959 வரை அதே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தார். டீஃபன்பேக்கர் நாட்டை ஆண்டுகொண்டிருந்த நாட்களில் அவருடைய ஆண்டுத் தோழி தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியல் போடுகிறவர்கள் பல காலம் அவர் பெயரை விட்டுவிட்டார்கள். என் பட்டியலில் அவர் முன்வரிசையில் இருக்கிறார்.

டீஃபன்பேக்கரோடு சட்டம் படித்து 1919-லேயே வெளியே வந்த இன்னொருவர் எம்மெட் ஹால். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது கனடாக்காரர்கள் சஸ்காட்செவனின் முன்னாள் முதல்வர் டாமி டக்ளஸ் பெயரைச் சொல்வார்கள், அது நியாயம்தான். 1962-ல் சஸ்காட்செவன் மாகாணம் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு கொடுத்தபோது டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஊரே கொதித்தது. ஆனால் ஒரு மாகாணத்தில் நடந்ததை நாடு முழுவதற்கும் கொண்டுபோகலாம், கொண்டுபோக வேண்டும் என்று ஆராய்ந்து எழுதிக் கொடுத்தது ஹால் தலைமையிலான அரசு ஆணையம். அந்த ஆணையத்தை அமைத்தவர் அவருடைய வகுப்புத் தோழர் டீஃபன்பேக்கர். 1964-ல் அறிக்கை வந்தது, 1966-ல் சட்டம் வந்தது. 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் கால்டர் வழக்கு. பூர்வகுடிகளின் நில உரிமை இன்னும் அழியாமல் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பில் எழுதினார் அங்கே நீதிபதியாக இருந்த ஹால். அந்த வழக்கில் அவர் பக்கம் வெற்றி பெறவில்லை. ஆனால் நில உரிமை பற்றி அரசாங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டி வந்ததற்கு அந்த எழுத்து ஒரு முக்கியக் காரணம்.

பின்னாளில் கவர்னர் ஜெனரலான ரே நாட்டிஷினும் இங்கே படித்தவர்தான். அரசியல்வாதிகளை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் மனம் இருப்பது ஆய்வுக்கூடத்தில்.

ஹென்றி டாபே. 1915-ல் நியூடார்ஃப் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பெற்றோர் உக்ரைன் பகுதியிலிருந்து வந்த ஜெர்மன் மொழிக் குடியானவர்கள். அவர் படித்த காலம் 1930-கள். சமவெளிக்காரர்களிடம் அந்தப் பத்து வருஷத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முகம் மாறும். மழை பொய்த்தது, கோதுமை விலை தரைமட்டத்துக்குப் போனது, காற்று மேல்மண்ணையே அள்ளிக்கொண்டு போனது. அந்த வறட்சிக்கு நடுவில் 1935-ல் பி.எஸ்ஸி., 1937-ல் எம்.எஸ்ஸி. வாங்கிவிட்டு, கலிஃபோர்னியாவுக்கு ஆராய்ச்சிக்குப் போனார். 1983-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு.

அவர் செய்தது என்ன? ஒரு உலோக அணுவிலிருந்து இன்னொன்றுக்கு எலெக்ட்ரான் எப்படித் தாவுகிறது என்பது அவருடைய கேள்வி. குளோரின் ஒட்டிய கோபால்ட் சேர்மம் ஒன்றையும் குரோமியத்தையும் கரைசலில் சந்திக்க வைத்தார். எலெக்ட்ரான் குரோமியத்திலிருந்து கோபால்ட்டுக்குப் போனது. பார்த்தால், கோபால்ட்டோடு இருந்த குளோரின் இப்போது குரோமியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் எலெக்ட்ரான் கடந்த நேரத்தில் அந்தக் குளோரின் இரண்டுக்கும் நடுவே பாலமாக நின்றிருக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத ஒரு நொடியை, பிறகு யார் கையில் எது இருக்கிறது என்பதை வைத்துப் பிடித்துவிட்டார். இதை முதன்முதலில் படித்தபோது நான் எழுந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நடந்தேன், அப்படி ஒரு சந்தோஷம்.

கோபால்ட் என்று சொன்னேன். இனி என் கதைக்கு வருகிறேன்.

சில்வியா ஃபெடோரக். 1927-ல் கனோரா என்ற ஊரில், உக்ரேனியக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஓராசிரியர் பள்ளி வாத்தியார். ஒரே அறை, எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர், அந்த ஆசிரியர் தன் அப்பா. போர்க்காலத்தில் பெற்றோர் தொழிற்சாலை வேலைக்காக ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1946-ல் சில்வியா சஸ்கட்டூன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தார். 1949-ல் பட்டம், கூடவே கவர்னர் ஜெனரலின் தங்கப் பதக்கம். இது போதாதென்று விளையாட்டிலும் கெட்டிக்காரி. பனித்தளத்தில் கல்லை வழுக்கவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற கர்லிங் ஆட்டத்தில், 1961-ல் நடந்த முதல் கனடா பெண்கள் சாம்பியன் போட்டியை வென்ற அணியில் இருந்தார்.

அந்த நேரத்தில் ஹரால்ட் ஜான்ஸ் என்ற பேராசிரியர் அங்கே இருந்தார். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி அல்ல, ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. புற்றுநோய்க்கு அப்போது கொடுத்துவந்த எக்ஸ்ரே கதிரின் கஷ்டம் என்னவென்றால், முழு வேகமும் தோலிலேயே விழும். பத்து சென்டிமீட்டர் உள்ளே போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். கட்டி ஆழத்தில் இருந்தால் தோல் வெந்துபோகும், கட்டி தப்பிவிடும். கதிர் வீசும் இன்னொரு பொருளான ரேடியமோ எட்டாத விலை. ஒன்டாரியோவில் சாக் ரிவர் அணு உலையில் சாதாரண கோபால்ட்டை வைத்து எடுத்தால் அது கோபால்ட்-60 ஆகிறது. அதன் காமா கதிர் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேதான் உச்சத்தைத் தொடும், பத்து சென்டிமீட்டர் ஆழத்திலும் பாதிக்கு மேல் நிற்கும். அதைக் கொண்டு ஒரு சிகிச்சை இயந்திரம் செய்யலாம் என்று ஜான்ஸும் அவருடைய மாணவர்களும் முனைந்தார்கள். சஸ்கட்டூனிலேயே ஒரு பட்டறையில் இயந்திரத்தைச் செய்தார்கள். விதைப்பு இயந்திரம் பழுதானால் தாங்களே சரிசெய்து பழகிய ஊர் அது.

1951 கோடையில் கோபால்ட் வந்து சேர்ந்தது. அதே நேரத்தில் ஒன்டாரியோவின் லண்டன் நகரத்திலும் இன்னொரு குழு வேறு ஓர் இயந்திரத்தை வைத்திருந்தது. அவர்கள் அக்டோபர் 27 அன்றே முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டார்கள். சஸ்கட்டூனில் நவம்பர் 8 அன்றுதான் கொடுத்தார்கள். யார் முந்தினார்கள் என்று இன்றைக்கும் சிலர் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் போட்டி முக்கியமில்லை. நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன்னால் சஸ்கட்டூன்காரர்கள் வாரக்கணக்கில் எதற்காகச் செலவிட்டார்கள் என்பதுதான் முக்கியம். அவர்கள் அளந்தார்கள்.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே? அதனால் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் கதிர்மானியை இறக்கி, ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்திலும் எவ்வளவு கதிர் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்வது. கதிர் விழும் சதுரத்தின் அளவை மாற்று, மறுபடி குறி. தூரத்தை மாற்று, மறுபடி குறி. நாள்முழுக்க எண், எண், எண். சில்வியாவின் எம்.ஏ. பட்டத்துக்கான வேலை இதைச் சேர்ந்ததுதான். 1951-ல் அந்தப் பட்டத்தையும் வாங்கினார். ஜான்ஸ் குழுவின் ஆழ அளவுகள் அட்டவணைகளாக அச்சாகி உலகமெங்கும் போயின.

அந்த மாதிரி அட்டவணைகள்தான், நேயர்களே, என் மேஜையில் இருந்தன. எங்கள் மருத்துவமனையில் இருந்தது கனடாவில் செய்த தெரட்ரான் இயந்திரம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு கிராமத்திலிருந்து வருகிற அம்மாக்கள்தான் எங்களிடம் அதிகம். இடுப்பின் குறுக்களவை எடுப்பேன், அதில் பாதியை ஆழமாக வைப்பேன், அட்டவணையில் விரலை ஓட்டி விழுக்காட்டைப் படிப்பேன். கோபால்ட்டின் அரை ஆயுள், அதாவது அதன் வேகம் பாதியாகக் குறைகிற காலம், ஐந்தே கால் வருஷம். அதனால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு வேகம் குறையும், அதற்கேற்ப நேரத்தைக் கூட்டுவேன். 'எத்தனை கரண்ட் பாக்கி இருக்குங்க ஐயா?' என்று அந்த அம்மாக்கள் கேட்பார்கள். அந்த அட்டவணையில் ஓர் எண் தப்பாக இருந்திருந்தால் எத்தனை பேருக்கு அது தப்பாகப் போயிருக்கும் என்று சில இரவுகளில் தூக்கம் வராமல் நினைத்திருக்கிறேன். எண்கள் தப்பாக இல்லை.

சஸ்கட்டூனில் முதலில் சிகிச்சை பெற்றவரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்மணிதான். வயது 43, நான்கு பிள்ளைகளுக்குத் தாய். பிழைத்து, தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்.

சில்வியா அந்த ஊரை விட்டுப் போகவில்லை. சஸ்காட்செவன் புற்றுநோய் மருத்துவ அமைப்பில் தலைமை இயற்பியலாளராக இருந்தார், பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், உடம்புக்குள் செலுத்திய, கதிர் வீசும் ஐசோடோப்பைத் தேடிப் படம்பிடிக்கும் ஆரம்பகாலக் கருவிகளை உருவாக்குவதில் கை கொடுத்தார். 1973-ல் நாட்டின் அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முதல் பெண் உறுப்பினர். 1986-ல் தான் படித்த பல்கலைக்கழகத்தின் முதல் பெண் வேந்தர். 1988-ல் சஸ்காட்செவன் மாகாணத்தின் முதல் பெண் துணைநிலை ஆளுநர். 2012-ல் சஸ்கட்டூனிலேயே காலமானார்.

என் மகள் அந்த ஊரில் குடியேறிய பிறகு நானும் ஒரு தடவை போயிருந்தேன். ஆற்றங்கரையில் உள்ளூர்க் கல்லால் கட்டிய வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். டீஃபன்பேக்கரின் சமாதி வளாகத்துக்குள்ளேயே ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. மறுநாள் மகளிடம் சொல்லி நகரத்தில் உள்ள மேற்குக் கனடா வளர்ச்சி அருங்காட்சியகத்துக்குப் (Western Development Museum) போனேன். பழைய டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், நீராவி எஞ்சின் எல்லாம் வரிசையாக நிற்கிற இடம். அங்கேதான் அந்த முதல் கோபால்ட் இயந்திரத்தையும் வைத்திருக்கிறார்கள். 1972 வரை ஓடியிருக்கிறது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறது. இப்போது உள்ளே கோபால்ட் இல்லை. கனமான இரும்புத் தலை, கீழே கதிர் வருகிற வாய்.

நான் அதன் பக்கத்தில் போய் நின்றதும் என்னை அறியாமல் வலது கை நீண்டது. வாயிலிருந்து கீழே, ஒரு நோயாளியின் தோல் எங்கே இருக்குமோ அங்கே வந்து கை நின்றது. எங்கள் இயந்திரத்தில் கோபால்ட்டிலிருந்து தோலுக்கு எண்பது சென்டிமீட்டர். பழக்கம். மகள் 'என்னப்பா செய்றீங்க?' என்று கேட்டாள். 'அளக்கிறேன்மா' என்றேன்.

நன்றி, வணக்கம்.