வைசியாள் வீதியின் தாழ்வாரங்கள்: ஒரு தெருவை எப்படி மீட்டார்கள்?

[காட்சி: காலை வேளை, புதுச்சேரி வைசியாள் வீதி. கேமரா தெருவின் நடுவில் கண் உயரத்தில் மெதுவாக நகர்கிறது.]

வணக்கம். பாண்டிச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் பலருக்கு நினைவு வரும். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்த வீடியோ அந்த மேற்குப் பக்கத்தைப் பற்றியது. அங்கே பாழாகிக்கொண்டிருந்த ஒரு தெருவை மீட்டெடுத்ததில் பெரும் பங்கு, பழைய கட்டடங்களையும் கலை மரபையும் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளைக்கு உண்டு.

இன்டாக் 1984இல் தொடங்கியது. அரசுத் துறை இல்லை, பதிவு பெற்ற சங்கம். ஒரு வீட்டை இடிக்கக் கூடாது என்று உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. பழைய வீடுகளைக் கணக்கெடுக்கலாம், அளந்து வரைபடம் போடலாம், வீட்டுக்காரரிடம் போய்ப் பேசலாம், அரசிடம் மனு கொடுக்கலாம். அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

[காட்சி: பழைய நகர வரைபடம். வாய்க்கால் நீலக் கோடாகத் தெரிகிறது.]

முதலில் ஊரின் அமைப்பு. கட்டம் கட்டமாக வெட்டிய இந்தத் தெருக்கள், 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது போட்ட திட்டத்திலிருந்து வந்தவை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதனால் இன்று நிற்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. 1738இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போலத் தப்பியவை மிகச் சில.

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி. உயரமான மதில், பெரிய வாயிற்கதவு, வீடு உள்ளே இருக்கும். மேற்கே தமிழ்ப் பகுதியில் மதிலே கிடையாது. வீடு நேரே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

[காட்சி: ஒரு வீட்டின் முகப்பு. அண்மைக் காட்சியில் தாழ்வாரத்து மரத்தூண், பிறகு திண்ணை.]

தெருவில் நிற்கிறீர்கள். முதலில் தாழ்வாரம்: ஓட்டுச் சாய்ப்பு, அதைத் தாங்கும் மரத்தூண்கள். அடுத்து திண்ணை. அப்புறம்தான் வாசல்கால், நடை, முற்றம். சித்திரை வெயிலில் நடந்து வருபவர் யாராக இருந்தாலும் அந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரர் தன் காசில் கட்டிய நிழலைத் தெருவே பயன்படுத்தியது. நடப்பவருக்கு நிழல் வேண்டும், உட்கார இடம் வேண்டும், தெருவைப் பார்த்த வாசல்கள் வேண்டும் என்று நகர வடிவமைப்பு பற்றி இன்று பேசுபவர்கள் கேட்கிற எல்லாமே இங்கே இருந்தன.

கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ்க் கட்டு, மாடி பிரெஞ்சுப் பாணி. மேலே வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய சுண்ணாம்பு அரைத்தூண்கள். இரண்டும் ஒரே முகப்பில் சண்டை போடாமல் பொருந்தியிருப்பதை வேறு எந்த ஊரிலும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இது வரிசையாக இருந்தால்தான் அர்த்தம். நடுவில் ஒரு வீட்டை இடித்து, கீழே ஷட்டர் போட்ட கான்கிரீட் கட்டடம் எழுந்தால், இரு பக்கத்து வீடுகளும் அப்படியே இருந்தாலும் நிழல் அறுந்துவிடும்.

[காட்சி: முற்றத்தின் நடுவே ஹாலோபிளாக் சுவர்.]

சரி, ஏன் இடிக்கிறார்கள்? வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் பாகப்பிரிவினைதான். நான்கு பங்காளிகள் என்றால் முற்றத்துக்குக் குறுக்கே சுவர் வரும். ஒருவர் பங்கில் அடுப்படி, இன்னொருவர் பங்கில் மழைநீர் போகும் வழி. கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்று பேசி முடிப்பதற்குள் விட்டம் உளுத்துவிடும். மனை விலையோ ஏறிக்கொண்டே போகிறது. 1990களில் இன்டாக் எடுத்த கணக்கில் இருந்த வீடுகளில் நூற்றுக்கணக்கானவை இன்று இல்லை.

[காட்சி: கூரையின் அடிப்பக்கம். தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் செங்கல் வரிசை.]

பழுது பார்ப்பதும் லேசான வேலை இல்லை. இந்தக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அச்சுக்கல் என்ற சின்ன, மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, விட்டங்களின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது தெளிப்பது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் அவசரத்துக்குச் சிமென்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கி, கொஞ்ச வருஷத்தில் பூச்சு உப்பி உதிரும்.

[காட்சி: வைசியாள் வீதியின் முழு நீளம், எதிரெதிர் முகப்புகள்.]

இந்த இடத்தில்தான் வைசியாள் வீதி முக்கியம். ஆசிய நகரங்களையும் ஐரோப்பிய நகரங்களையும் இணைத்து வேலை செய்ய வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் 2004 வரை புதுச்சேரியும், இத்தாலியின் உர்பினோவும், பிரான்சின் வில்நோவ் சூர் லோவும் கூட்டுச் சேர்ந்தன. வைசியாள் வீதியில் இன்டாக்காரர்கள் ஒரே ஒரு மாளிகையைப் பளபளப்பாக்கிவிட்டுப் போகவில்லை, அடுத்தடுத்து இருக்கும் வீடுகளின் முகப்புகளைச் சேர்த்துச் சீர்செய்தார்கள். செலவில் ஒரு பங்கைத் திட்டம் கொடுத்தது, மீதியை வீட்டுக்காரர் போட்டார். என் கணிப்பில் இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனம். தன் பணமும் போயிருப்பதால் அந்த முகப்பு வீட்டுக்காரருடையதாகவே இருக்கிறது. 2008இல் இந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

[காட்சி: கடற்கரைச் சாலை, மேரி கட்டடம்.]

எதிர்ப்பக்க உதாரணமும் இதே ஊரில் இருக்கிறது. 1870களின் தொடக்கத்தில் கட்டிய மேரி கட்டடம், அதாவது பழைய நகர்மன்றம். பராமரிப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம். அரசுக் கட்டடமாக, கடற்கரையில் எல்லோர் கண்ணிலும் பட்டதால் திரும்பி எழுந்தது. தமிழ்ப் பகுதியின் உள்தெருவில் விழும் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வைசியாள் வீதிக்கு வந்த பணம் ஒருமுறை வந்த பணம். மற்ற தெருக்களுக்கு நிரந்தரமாக ஏதாவது வேண்டும். தாழ்வாரத்தைக் காப்பாற்றும் வீட்டுக்கு வீட்டுவரியில் சலுகை தரலாம், சுண்ணாம்பு வேலையை ஐடிஐயில் ஒரு பாடமாக வைக்கலாம். இன்னொன்றுக்குப் பணமே தேவையில்லை. புதிதாகக் கட்ட அனுமதி கேட்டு யார் வந்தாலும், அவர் கொண்டுவரும் வரைபடத்தில் இடப்பக்க வீட்டின் முகப்பையும் வலப்பக்க வீட்டின் முகப்பையும் சேர்த்து வரைந்து தரச் சொன்னால் போதும். தாழ்வாரக் கோடு எங்கே அறுகிறது என்பது அனுமதி கொடுப்பவருக்கும் கட்டுபவருக்கும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.