அணைத்தபிறகும் ஓடிய எஞ்சின்

(திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கொட்பேத் துறைமுகத்தில் வள்ளத்து எஞ்சினோடு மாரடித்தவர்களின் பிள்ளைகள் இங்கே சிலராவது இருப்பீர்கள். டீசல் எஞ்சின் வெறிபிடித்து ஓடுவதைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். டீசலை அடைத்தாலும் நிற்காது. தன் மசகு எண்ணெயையே குடித்துக்கொண்டு வேகம் ஏறும். சின்ன வயதில் ஒருமுறை பார்த்தேன். வேலை பழக்கிய அண்ணன் ஈரச் சாக்கை எடுத்துக் காற்று இழுக்கும் வாயில் அமுக்கினார். நான் அதற்குள் இறங்குதுறையின் மறுகோடிக்குப் போய்விட்டேன்.

1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஓடியவர்களும் என்னைப்போலத்தான். பிராங்க் விட்டில் என்ற 29 வயது விமானப்படை அதிகாரி தன் ஜெட் எஞ்சினை முதன்முதலாக இயக்கினார். மோட்டாரால் சுற்றவிட்டு, பற்றவைத்து, எரிபொருள் வால்வைத் திறந்தார். ஊளைச் சத்தம் ஏறியது. வால்வை மூடினார். வேகம் குறையவில்லை, நிமிடத்துக்கு 8,000 சுற்று மட்டில் போய்த்தான் தணிந்தது. கூட நின்றவர்களில் ஒருவரும் கிட்ட இல்லை.

காரணம் என்ன தெரியுமா? முன்னேற்பாடாகப் பம்பை இயக்கியபோது சிந்திய எரிபொருள் எரியறையின் அடியில் தேங்கிக் கிடந்தது. வால்வை மூடினால் அந்தக் குட்டைக்கு என்ன? தீரும்வரை எரிந்தது. பிறகு அடியில் ஒரு வடிகுழாய் வைத்தார்கள்.

ஜெட் எஞ்சின் என்றால் சுழலும் சக்கரம்தான் கஷ்டம் என்று நினைப்போம். விட்டிலை வருடக்கணக்கில் அலைக்கழித்தது அடுப்புத்தான், அதாவது அந்த எரியறை. பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பை அம்மா பற்றவைத்தது நினைவிருக்கிறது. குழாய் சூடேறி எண்ணெய் ஆவியானால் நீலச் சுடர். சூடேறாவிட்டால் மஞ்சளாகக் குப்பென்று எழுந்து சட்டியெல்லாம் கரி. விட்டிலும் முதலில் எரிபொருளை ஆவியாக்கும் குழாய்களோடுதான் மல்லாடினார். அதுவும் புயல்போல் காற்றடிக்கும் சின்ன அறைக்குள், எந்தத் தொழிற்சாலை உலையும் கண்டிராத உக்கிரத்தில் எரியவேண்டும். குழாய் அடைபடும், உருகும், தீ ஒருபக்கமாகச் சாயும். 1940இல் ஷெல் நிறுவனத்தின் லபொக் என்பவர் எரிபொருளைப் பூந்தூறலாகத் தெளிக்கும் முனையைக் கொடுத்த பிறகுதான் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

பணமில்லாக் கதை தனி. 1930இல் பதிவுசெய்த காப்புரிமையை 1935இல் புதுப்பிக்க 5 பவுண் தேவைப்பட்டது. அவரிடம் இல்லை; அரசும் கட்ட மறுத்தது. காலாவதியாகிவிட்டது. ஐந்து பவுண்! எஞ்சின் உடைந்தால் புதிது செய்ய வசதியில்லை. தப்பிய பாகங்களைப் பொறுக்கித் திரும்பக் கோர்த்தார். இதற்குள் 1939 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைன்கல் ஜெட் விமானம் பறந்தே விட்டது.

1941 மே 15 மாலை, இங்கிலாந்தின் க்ரான்வெல் விமானத்தளத்தில் விட்டிலின் எஞ்சினும் பறந்தது. ஓட்டியவர் ஜெரி சேயர்; 17 நிமிடம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி நம் சீனக்குடாவின் மேலே ஜப்பானியரும் பிரித்தானியரும் மோதியபோது, வானில் இருந்ததெல்லாம் விசிறி சுற்றும் விமானங்கள். எண்ணெய்க் குதம் எரிந்த கதையைத் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அண்ணாந்து பார்த்த நேரத்தில் ஜெட், ரோவர் என்ற கார் கம்பனியோடு சண்டையில் சிக்கிக் கிடந்தது. உற்பத்திக்குத் தந்த எஞ்சினை ரோவர் தன் இஷ்டத்துக்கு மாற்றியது, விட்டில் கொதித்தார். கடைசியில் ரோல்ஸ்-ராய்ஸ் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் டாங்கி எஞ்சினை ரோவருக்குக் கொடுத்தது. ரோவர் மொத்தமாக 37 மணிநேரமே சோதித்திருந்த எஞ்சினை ரோல்ஸ்-ராய்ஸ் ஒரே மாதத்தில் 390 மணிநேரம் ஓட்டியது. 1944 ஜூலையில் மீட்டியோர் என்ற ஜெட் போர்விமானம் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தது.

ரக்பியில் எல்லோரையும் துரத்திய அந்தப் பழைய எஞ்சினோ க்ரான்வெல் மாலையைக் காணவில்லை. திரும்பத் திரும்ப உடைத்துக் கட்டப்பட்டு, மூன்று மாதம் முன்பு, 1941 பெப்ரவரியில், டர்பைன் என்ற சுழல்சக்கரத்தின் வட்டு சிதறி முடிந்துபோனது. பறந்தது அதன் பிள்ளை.

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.