இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: உயிரியல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு

[காட்சி: மலைச்சரிவில் தேயிலை, சவுக்கு மரங்கள்]

வணக்கம். 1869ஆம் ஆண்டில் இலங்கையின் இந்த மலைகளில் கோப்பிதான் விளைந்தது. அந்த ஆண்டு கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் தென்பட்டது. அந்த நோய் பரவிக் கோப்பித் தொழிலையே அழித்தது.

அதை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்தார். நோயைக் காற்று கொண்டுவருகிறதா என்று அறியத் தோட்டங்களில் கண்ணாடித் துண்டுகளை வைத்தார். அவற்றில் படிந்த, நோயை உண்டாக்கும் பங்கசின் வித்திகளை நுணுக்குக்காட்டியில் கண்டார். வித்தி முளைத்து, இலைவாய் எனப்படும் நுண்துளை வழியே இலைக்குள் நுழைவதையும் பார்த்தார். கேள்வியைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக மாற்றும் இந்தத் திறமைதான் முதலாம் ஆண்டில் உங்களுக்கு வேண்டும்.

[காட்சி: தேயிலை இலை, அண்மையில்]

அந்த இலைவாயை நீங்களே பாருங்கள். கொழுந்து வேண்டாம், அதன் அடியில் மென்மயிர் அடர்ந்திருக்கும். முதிர்ந்த இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஒளி புகும் ஒட்டு நாடாவால் உரித்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டுங்கள். குறைந்த வலுவில் தொடங்கிப் பிறகு கூட்டுங்கள்.

இனி பென்சில். புத்தகப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரையாதீர்கள். இலைவாயின் இருபுறமும் உள்ள காவற்கலங்களில் ஒன்று கோணலாக இருந்தால் கோணலாகவே வரையுங்கள். நிழல் தீட்ட வேண்டாம், ஒரே கோடு போதும்.

[காட்சி: செய்முறைக் கொப்பி, அளவுகோல்]

படத்தின் கீழே உருப்பெருக்கம் எழுதும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பார்வைவில்லை 10, பொருள்வில்லை 40, ஆகவே 400 என்று எழுதிவிடுகிறார்கள். அது கருவியின் உருப்பெருக்கம். படத்துக்கு உரியது வேறு: படத்தின் நீளத்தை உண்மையான நீளத்தால் வகுக்க வேண்டும். காவற்கலத்தை 60 மில்லிமீற்றர் நீளத்தில் வரைந்தீர்கள், அதன் உண்மை நீளம் 30 மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 60 மில்லிமீற்றர் என்பது 60,000 மைக்ரோமீற்றர். 30ஆல் வகுத்தால் 2,000. அலகை மாற்றாமல் வகுத்தால் விடை 2 என்று வரும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத கலத்தை இரண்டு மடங்காக்கி வரைந்தேன் என்று சொல்ல முடியுமா? விடை வந்ததும் இப்படி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

[காட்சி: நிழலிலும் வெயிலிலும் தேயிலைச் செடிகள்]

அடுத்து ஒரு கேள்வி. சவுக்கு மர நிழலில் உள்ள இலையிலும் வெயிலில் உள்ள இலையிலும் இலைவாய்களின் எண்ணிக்கை ஒன்றா? விதைத் தேயிலையில் இதைச் சோதிப்பது கடினம், ஒவ்வொரு செடியும் மரபில் வேறுபடும். தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலையில் ஒரே வகையை, ஒரே மலையிலேயே எடுங்கள். இலையின் வயதும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் வேறுபாடு வெளிச்சத்தால் வந்தது என்று சொல்ல இடமுண்டு.

ஒரே பார்வைப்புலத்தை நம்பாமல், பல இலைகளில் பல இடங்களில் எண்ணிச் சராசரி காணுங்கள். பொருந்தாத எண் வந்தால் அழிக்க வேண்டாம். பிழையென்று தெரிந்தால் வாசிக்கும்படி ஒரே கோட்டால் வெட்டி, ஏன் வெட்டினீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.